சோப்பு வைத்த படகு

ஆழமாக எழுதுகிறவள் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. கோழி கிளறிய குப்பைகூட இதைவிட ஒழுங்காக இருக்கும் என்று என் நோட்டைப் பார்த்து நாலாம் வகுப்பு டீச்சர் சொன்னார். ஆனால் அதே நாலாம் வகுப்பில் ஒரே ஓர் எழுத்தை நான் மிக ஆழமாக எழுதினேன். இரும்புத் தகட்டின் மேலே தொடங்கி அடிப்பக்கம் வரை போய்விட்டது. அதன் வழியாக முதலில் நுரை வந்தது, பிறகு தண்ணீர் வந்தது, கடைசியில் சித்தப்பாவுக்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது.

எங்கள் ஊர் பாகூர் பக்கம். ஊர் என்று சொல்வது வெயில் காலத்துக்குத்தான் பொருந்தும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் அது தீவு. ஏரி வழிகிற தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்து தரைப்பாலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பக்கம் தார் ரோடு, பஸ், பள்ளிக்கூடம். இந்தப் பக்கம் நாங்களும் எங்கள் மாடுகளும். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதில் எனக்கு அந்த வெள்ளத்தின் மேல் தனி மரியாதை உண்டு.

சித்தப்பாவிடம் ஒரு படகு இருந்தது. படகு என்று அவர் மட்டும்தான் சொல்வார். தார் டிரம்களைப் பிரித்து, தட்டி நிமிர்த்தி, நாலு பக்கமும் மடக்கி வெல்டிங் அடித்த, அடி தட்டையான இரும்புச் சாமான் அது. ஏரியில் வலை போடுவதற்கென்று செய்திருந்தார். ஊர் முழுக்க அதைத் தொட்டி என்றுதான் சொன்னது. கடலோர நல்லவாட்டிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மா ஒருநாள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னா, மாட்டுக்குத் தண்ணி காட்டுவியாப்பா?" என்று கேட்டார். கடலில் ஓடுகிற படகுக்கெல்லாம் பெயர் எழுதியிருக்கும், ஒன்று சாமி பெயர், இல்லாவிட்டால் பெண் பிள்ளை பெயர், இதற்கு என்ன பெயர் என்றும் கேட்டார். சித்தப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போட்டுக்கொண்டேன். சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வீட்டிலிருந்த ஒரே பெண் பிள்ளை நான்தான். கணக்கு நேராகத்தான் இருந்தது.

சித்தப்பா மதகடிப்பட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் அடித்த வெல்டிங் இணைப்பைத் தடவிப் பார்த்தால் சாரைப்பாம்பின் முதுகு மாதிரி வரிவரியாக ஒரே சீராக இருக்கும். அந்தப் பெருமை அவருக்கு மீசையில் தங்கியிருந்தது. "நான் அடிச்ச ஜாயிண்டு வுட்டுக்கிச்சின்னு ஒருத்தன் சொல்லட்டும், இந்த மீசய எடுத்துடறேன்" என்பார். யாரும் சொன்னதில்லை. மீசையும் அதன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

இனி அத்தை. அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில்தான் எங்கும் போவார். யாராவது உதவுவதாக நினைத்து வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினால் திரும்பாமலே ஓர் அடி கொடுப்பார். சுற்றிச் சுற்றி உரமேறிய கை அது. வீட்டில் இறுகிப்போன ஊறுகாய் ஜாடி மூடியை அப்பா முயன்று, சித்தப்பா முயன்று, கடைசியில் அத்தையிடம்தான் கொடுப்போம்.

டைப்பிங் படித்து, பரீட்சை எழுதி, அந்த வருஷம் அத்தைக்குப் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று ஆர்டர். ஆர்டர் வந்த மறுநாள் மழை வந்தது. வெள்ளிக்கிழமை தரைப்பாலத்தைக் காணவில்லை.

அப்பா சாதாரணமாகத்தான் சொன்னார். "இதுக்கு ஏன் கவலப்படற? பரிட்சைக்கித் தூக்கிக்கினு போன மாதிரி தூக்கிக்கினு போயி வுட்டுடறேன்."

அத்தையின் முகம் மாறிவிட்டது. பரீட்சையன்றும் இப்படித்தான் வெள்ளம். அப்பா தோளில் சுமந்துபோய் ஹாலில் நின்றபோது, அங்கிருந்த அதிகாரி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்டி ஓரமா வையிங்க" என்றாராம். 'உக்கார வையிங்க' என்றுகூட இல்லை, வெறும் 'வையிங்க'. அத்தை அந்தப் பரீட்சையில் கேட்ட எல்லாக் கேள்விகளையும் மறந்துவிட்டார், அதை மட்டும் மறக்கவில்லை.

"நான் இன்னா நெல்லு மூட்டையா?" என்றார். "நெதமும் உக்காந்து வேல செய்யப்போற எடத்துக்கு மொத நாளே தோள்ல போயி எறங்கணுமா? வண்டியிலதான் போவேன். இல்லன்னா அந்த வேலயே வாணாம், போ."

விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். சித்தப்பா மட்டும் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வண்டியோட படகுல ஏத்திட்டா?"

"எப்டிடா ஏத்துவ? வண்டியோட என்னையும் தூக்கி மேல வச்சா ஒன் தொட்டி கவுந்துக்கும்."

"தூக்க வாணாம்க்கா. முன்னாடி தகட்ட அறுத்துக் கதவு மாதிரி வச்சிடறேன். எறக்கி வுட்டா நீயே ஓட்டிக்கினு ஏறிடலாம். லாரியில மாடு ஏத்த எறக்கி வுடறானுங்க இல்ல, அதே மாதிரி."

"அப்போ நான் மாடு."

"மூட்டைக்கி மாடு பரவால்லக்கா."

அத்தை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சித்தப்பா கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. ஓனரிடம் கெஞ்சி வெல்டிங் மிஷினை வாங்கி, அதே படகில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் வயலோரம் மோட்டார் கொட்டகையில் கரண்ட் எடுத்தார். படகை நாலு செங்கல் அடுக்குகளின் மேல் தூக்கி வைத்து வேலையை ஆரம்பித்தார். முன்பக்கத் தகட்டை அறுத்தெடுத்து, பைப்புத் துண்டுகளால் கீல் செய்து, அதையே இறக்கி ஏற்றுகிற கதவாக்கினார். கதவு மூடும் இடத்தில் பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டினார். வண்டி உருளாமல் நிற்க அடித்தகட்டில் சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று இரும்பு ஆங்கிள் துண்டுகள் வைத்தார்.

பக்கத்து வயல்காரர் வரப்பிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னாபா, தொட்டிக்கிப் போயி கதவு வைக்கிற? மீனுங்க வந்துட்டுப் போவறதுக்கா?"

"நாளைக்கி வந்து பாரு மாமா. ஒரு சொட்டு ஒழுவிச்சின்னா மீசய எடுத்துடறேன்."

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. ஆனால் காதுக்கு உத்தரவு இல்லை. "அடித்தகடு மெலிசு. தொட்டும் தொடாம போவணும். ஒரே எடத்துல நின்னா ஓட்ட வுழுந்துடும்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் எனக்கு 'தொட்டும் தொடாம' மட்டும் ஞாபகத்தில் நின்றது. கேட்க மிகச் சுலபமாக இருந்தது.

அடித்தகடு முழுக்கச் செங்காவிப் பெயிண்ட் ஒரு கை பூசிவிட்டு, மதியம் சாப்பிடக் கிளம்பினார். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போனார், அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. சுவிட்சைப் போடத் தெரியாத மக்கு இல்லை நான். போடக்கூடாது என்று தெரியாத மக்கு.

வெல்டிங் ராடு மாட்டிய பிடியைத் தூக்கினேன். கனமாக இருந்தது. முகத்துக்குப் பிடிக்கிற கறுப்புக் கண்ணாடியும் கனம். இரண்டையும் தூக்க முடியாததால் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன். முதல் தடவை ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டது, பிடுங்கினேன். இரண்டாம் தடவை ஒரு நட்சத்திரம் வெடித்தது. கண்ணுக்குள் உலகமே வெள்ளையாகிப் பிறகு பச்சையானது. கோடு இழுக்க வரவில்லை. தொட்டால் ஒரு வெடி, ஒரு புள்ளி. சரி, கோலத்துக்கும் முதலில் புள்ளிதானே என்று துணிந்தேன். என் பெயரின் முதல் எழுத்து 'ப'. இறங்க மூன்று புள்ளி, அடியில் ஒன்று, ஏற மூன்று. இரண்டாம் எழுத்துக்கு முன் கை வலித்ததால் நிறுத்தினேன். ஊர் பிழைத்தது.

குனிந்து பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் புல் தெரிந்தது.

சித்தப்பா வருகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். ஆனால் அறிவாளிக்கு வழியா இல்லை? போன மாதம்தான் அப்பாவின் டிராக்டரில் டீசல் டேங்க் ஒழுக, சித்தப்பா துவைக்கிற நீலச் சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்பியிருந்தார். வில்லியனூர் வரை போய்த் திரும்பியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. டீசலையே நிறுத்துகிற சோப்புக்குத் தண்ணீர் எம்மாத்திரம்? மோட்டார் கொட்டகை மாடத்தில் குளிக்க, துவைக்க வைத்திருந்த பாதிச் சோப்பு இருந்தது. பிசைந்து ஏழு புள்ளியிலும் அழுத்தினேன். மேலே செங்காவியைத் தடவினேன். அதற்கும் மேலே ஒரு சாக்கை விரித்தேன். சித்தப்பா பார்த்திருந்தால் என் தொழில் சுத்தத்தைப் பாராட்டியிருப்பார்.

சாயங்காலம் கண்ணுக்குள் யாரோ ஒரு படி மணலைக் கொட்டியது போல இருந்தது. திறந்தால் எரிச்சல், மூடினால் உறுத்தல், இரண்டுக்கும் நடுவே தாரை தாரையாகத் தண்ணீர். அம்மா பார்த்துவிட்டு உருகினாள். "அத்த வேலைக்கிப் போவுதேன்னு அழுவுது பாருங்க கொழந்த!" அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "நான் இன்னா பாரீசுக்கா போறேன்? சாயங்காலம் வந்துடுவேன்டி." அதுவரை என்மேல் யாருக்கும் இல்லாத அபிப்பிராயம் அன்று வீட்டில் எல்லோருக்கும் வந்தது. பாசக்காரப் பெண். நானும் மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தேம்பினேன்.

சித்தப்பா மட்டும் என் மோவாயைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தார். எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே ஓர் அக்காவுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். திரும்பி வரும்போது கையில் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை, அதில் கொஞ்சம் தாய்ப்பால். வெல்டிங் வெளிச்சம் அடித்த கண்ணுக்கு அந்த நாளில் அதுதான் மருந்து. இன்று கண் டாக்டரிடம் சொன்னால் என்னை வெளியே போகச் சொல்வார்.

"யாருக்கு அது?" என்றாள் அம்மா.

"எனக்குத்தான் அண்ணி. கண்ணாடி போடாம ரெண்டு எடத்துல வெல்டிங் வச்சிட்டேன்." தன் கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, மிச்சத்தை என் கண்ணில் விட்டார். "அழுத கண்ணுக்கும் இது நல்லது" என்றார். அப்படி ஒரு வைத்தியம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை என் கண் கோவைப்பழம். அழுதே கண்ணைக் கெடுத்துக்கொண்ட பெண்ணைக் கரையில் விட்டுவிட்டுப் போக அத்தைக்கு மனசில்லை, என்னையும் படகில் ஏற்றச் சொன்னார். முதலில் படகுக்குப் பூசை. தண்ணீரில் இறக்கி வைத்துத்தான் கற்பூரம் சுற்றவேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் ஆயிற்று. கற்பூரம் மட்டும் பற்றவில்லை. ஈரக்காற்றில் ஒரு முழுத் தீப்பெட்டி தீர்ந்தது. அரைமணி நேரம் படகு தண்ணீரில் நின்றது. சோப்பும் நின்றது.

அத்தை புதுப் புடவையில், ஆர்டரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சித்தப்பா கதவை இறக்கினார்.

"யாரும் தொடக்கூடாது" என்றார் அத்தை.

வண்டி கதவின் மேல் ஏறியது. பாதியில் சறுக்கியது. அப்பா கையை நீட்டினார், அத்தை பார்த்த பார்வையில் மடக்கிக்கொண்டார். மறுபடி ஒரு சுற்று. மூன்று சக்கரமும் ஆங்கிளுக்குள் போய் 'டக்' என்று உட்கார்ந்தன. கதவு மூடியது. டியூப் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்த சித்தப்பா, காய்ந்த விரலைக் கரைக்குக் காட்டினார். கரை கைதட்டியது.

நடுத் தண்ணீரில் முதலில் வாசனைதான் வந்தது. பிறகு என் காலடியில் கிடந்த சாக்கு மூச்சு விட்டது.

"டேய்," என்றார் அத்தை, "ஒன் தொட்டியில எவனோ துணி தொவைக்கிறான்டா."

சித்தப்பா படகு தள்ளுகிற கழியால் சாக்கை நெம்பித் தள்ளினார். ஏழு ஊற்று. ஏழிலும் நீல நுரை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை நின்று வெறும் தண்ணீர் பீறிட்டது. கணுக்கால் நனைந்தது. கழியை விட்டுவிட்டு அவர் குனிய முடியாது. விட்டால் வெள்ளம் படகைப் பாலத்தின் பள்ளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். கரை இன்னும் பாதி தூரம் இருந்தது.

"அக்கா, பயப்படாத..."

"எவடா பயந்தா? நீ தள்ளு."

அத்தை ஆர்டர் கவரைப் பல்லில் கடித்துக்கொண்டார். வண்டியின் இரண்டு பக்கமும் பிடித்து, கைகளாலேயே தன்னைத் தூக்கிக் கீழே இறக்கினார். சாக்கை மடித்து ஓட்டைகளின் மேல் போட்டு, அதன் மேல் புதுப் புடவையோடு சப்பணமிட்ட மாதிரி உட்கார்ந்தார். ஊற்று அடங்கியது. தன் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியை என்னிடம் எறிந்துவிட்டு, அடிப்பாகத்தைத் தான் எடுத்துக்கொண்டார். புளிசாதம் வெள்ளத்தோடு போயிற்று. இரண்டு பேரும் இறைத்தோம். ஜாடி மூடி திறக்கிற அந்தக் கை இறைத்த வேகத்தில் எதிரே நின்ற சித்தப்பாவின் சட்டை நனைந்தது. அத்தை அவ்வப்போது குனிந்து, சாக்குக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒருமுறை தடவிவிட்டு என்னைப் பார்த்தார். வாயில் கவர் இருந்ததால் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கரை தட்டியதும் சித்தப்பா தூக்க வந்தார். அத்தை தலையை ஆட்டினார். பிடித்து, தொங்கி, மூச்சு வாங்க, தானே வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கதவு இறங்கியது. வண்டி தார் ரோட்டில் ஏறியது. முன்னால் அத்தை நிமிர்ந்து போக, பின்னால் ரோடு நெடுக மூன்று சக்கரத் தடமும் நடுவே நுரைச் சொட்டும் போயின. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டாராம். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, "வாணாங்க, ஒங்க நாற்காலி ஈரமாயிடும், நான் என் வண்டியிலயே உக்காந்துக்கறேன்" என்றாராம்.

ரோட்டுப் பக்கக் கரையில், ஊருக்குத் திரும்பக் காத்திருந்த கூட்டத்தில் அந்தப் பக்கத்து வயல்காரரும் இருந்தார். நாலு பேர் சேர்ந்து படகை இழுத்துச் சாய்த்தார்கள்.

"கதவு ஒழுவலபா, அடி ஒழுவுதே! இன்னாத்த வச்ச, சோப்பா?"

சித்தப்பா ஓட்டைகளைப் பார்த்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார், பக்கவாட்டில் போனார், மேலே ஏறினார். பிறகு என் சிவந்த கண்ணைப் பார்த்தார். தூரத்தில் ஒரு கொக்கு நின்றது, நான் அதைப் பார்த்தேன். அவ்வளவு கவனமாக ஒரு கொக்கை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

"தகடு மெலிசு மாமா" என்றார் சித்தப்பா. "ராடு நின்னுடுச்சி, ஓட்ட வுழுந்துடுச்சி. அவசரத்துக்கு நான்தான் சோப்பு வச்சேன்."

"வெல்டருக்கே சோப்பா!" கூட்டம் சிரித்தது.

சாயங்காலம் சித்தப்பா மீசையில்லாமல் வீட்டுக்கு வந்தார். உரித்த பலாக்கொட்டை மாதிரி இருந்தது முகம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தான் செய்யாததைச் செய்ததாக நினைத்துக்கொள்கிற அளவுக்கு அவருக்கு ஞாபகப் பிசகு என்று முடிவு கட்டினேன். அது எனக்கு நல்லதாகவும் போயிற்று.

மீசை மூன்று மாதத்தில் வளர்ந்துவிட்டது. பெயர் போகவில்லை. மதகடிப்பட்டுப் பட்டறை வரைக்கும் அவர் 'சோப்பு' ஆனார். "சோப்பு இருக்காராபா?" என்று கேட்டுக்கொண்டுதான் கிரில் வேலைக்கு வந்தார்கள். எட்டாவது படிக்கும்போது ஒரு கல்யாணப் பந்தியில் நானே கூட, எல்லோரும் சிரிக்கட்டும் என்று, "சோப்பு சித்தப்பா, இங்க ஒரு வட!" என்று கத்தியிருக்கிறேன். அவர் திரும்பி, "இதோ வரேம்மா" என்றார்.

முதல் சம்பளத்தில் அத்தை எல்லோருக்கும் துணி எடுத்தார். எனக்குப் பாவாடை சட்டை. அதற்கு மேல் தனியாகப் பேப்பரில் சுற்றி ஒரு முழு நீலச் சோப்பு. "வச்சிக்கோடி, ஒதவும்" என்றார். பாவம், குழந்தைகளுக்கு என்ன வாங்கித் தருவதென்று அத்தைக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

நான் சொல்ல வந்தது இதையெல்லாம் இல்லை. படகு ஒழுகியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

மறுபடி மிஷின் வந்தது. மறுபடி படகு செங்கல்லின் மேல் ஏறியது. ஒரு சதுரத் தகட்டை மேலே வைத்து நாலு பக்கமும் அடித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். சித்தப்பா அப்படிச் செய்யவில்லை. உருகிய இரும்பு கீழே விழாமல் தாங்க அடியில் ஒரு செம்புத் துண்டை முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு ஓட்டையாக, தொட்டும் தொடாமலும், முத்து முத்தாக நிரப்பினார். தொடங்குமுன் என்னைக் கூப்பிட்டு, முகத்துக்குப் பிடிக்கிற அந்தக் கறுப்புக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். தான் ஒரு பழைய கூலிங் கிளாஸ் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டார்.

"இத்த மூஞ்சிக்கி நேரா புடிச்சிக்கினு பாரு. நடுவுல எடுக்கக்கூடாது, இன்னா?"

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இருட்டுக்குள் பச்சையாக ஒரு சின்ன நட்சத்திரம் உட்கார்ந்து எழுந்தது. இறங்க மூன்று. அடியில் ஒன்று. ஏற மூன்று. ஆறியதும் சுத்தியலால் தட்டிக் கசடை உதிர்த்து, துணியால் துடைத்தார். தகட்டில் என் எழுத்து, நான் எழுதியதைவிட அழகாக, வெள்ளி மாதிரி புடைத்து நின்றது. கையால் ஒருமுறை தடவிவிட்டு, "இனிமே ஒழுவாது" என்றார்.

பாவம் சித்தப்பா, தான் என்ன எழுதுகிறோம் என்று தெரியாமலே என் எழுத்தை எழுதிக்கொண்டிருக்கிறார் என்று, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நான் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.